ஆண்டுக்கு ஒரே ஓர் இரவு: தையா, மாசியா, பங்குனியா?

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊரில் இருந்தாலும், வானம் பார்க்கும் ஆர்வலர்களில் பலருக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் உருப்படியான இருட்டுக்குப் போக வாய்க்கிறது. லீவு, வண்டி, கூட வர இரண்டு பேர், வீட்டில் சம்மதம், எல்லாம் ஒன்றாகக் கூடி வர வேண்டும். அப்படிக் கிடைக்கும் ஒரே பயணத்தை எந்த மாதத்தில் வைப்பது? இந்தக் கட்டுரை அந்த ஒரு முடிவுக்காக. 2027ஆம் ஆண்டின் தேதிகளை வைத்தே பேசுகிறேன். வேறு ஆண்டு என்றால் அமாவாசைத் தேதிகள் மாறும், நட்சத்திரக் கணக்கு மாறாது.

என் கட்சி மாசி. ஏன் என்று சொல்வதற்கு முன், போட்டியிலேயே இல்லாத மாதங்களைத் தள்ளிவிடலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. உள்மாவட்டங்களில் மழை பெரிதாக இல்லாவிட்டாலும் மேகம் இருக்கும். பால்வீதியின் மையப்பகுதி மாலையிலேயே உச்சிக்கு வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் நமக்கு இப்படி வீணாவது கொஞ்சம் எரிச்சலான விஷயம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. இந்தக் காலத்தில் அறை போட்டு, வண்டி பேசி, மலையேறிப் போவது சூதாட்டம்.

டிசம்பருக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஜெமினிட் விண்கல் மழை டிசம்பர் 13, 14 தேதிகளில் உச்சத்தைத் தொடுகிறது. 2026இல் அமாவாசை டிசம்பர் 9ஆம் தேதி வருவதால், 13ஆம் தேதி ஞாயிறு இரவு பத்து மணிவாக்கில் நிலா மறைந்துவிடும். அதன்பின் விடியும்வரை இருட்டு. ஆனால் இதற்காக எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். அன்று சாயங்காலம் வானம் திறந்திருந்தால் ஊருக்கு வெளியே ஒரு மணிநேரத் தொலைவில் பாயை விரித்துப் படுங்கள், இல்லாவிட்டால் வீட்டிலேயே தூங்குங்கள். விண்கல் மழைக்கு டெலஸ்கோப்பும் வேண்டாம், மலையும் வேண்டாம்.

ஆக மிச்சமிருப்பது ஜனவரி நடுவிலிருந்து மே வரை. ஜவ்வாது மலையின் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு ஆய்வகத்துக்கும் வேலை நன்றாக நடக்கும் காலம் ஏறத்தாழ இதுதான்.

பொங்கல் விடுமுறையைத்தான் பலரும் முதலில் நினைப்பார்கள். 2027இல் பொங்கல் ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. அன்றைக்கே அரைநிலா. நடுராத்திரி வரை அது மேலே இருக்கும். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் பெரிதாகி இன்னும் தாமதமாக மறையும். விடுமுறை நீளமாக இருக்கிறதே என்று நிலாவை மறந்தால் பயணமே போச்சு. தினசரி காலண்டரில் அமாவாசை எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு அதைச் சுற்றித்தான் லீவு கேட்க வேண்டும்.

இப்போது மூன்று வேட்பாளர்கள்: பிப்ரவரி 6, மார்ச் 6, ஏப்ரல் 3. மூன்றும் சனிக்கிழமை. முதலாவது தை அமாவாசை. இரண்டாவது மாசி அமாவாசைக்கு முந்தைய இரவு. பங்குனியில் வரும் மூன்றாவது இரவில் தேய்பிறை நிலா அதிகாலை மூன்று மணிக்கு மேல்தான் எழும். ஆக நிலாவைப் பொறுத்தவரை மூன்றும் தேறிவிட்டன. வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: எந்த மணிக்கு எது தெரிகிறது, வானம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

தெற்கு ஏன் முக்கியம்

அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டிகளைப் படித்துத் திட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அந்தப் பட்டியல்களில் குளிர்காலம் என்றால் ஓரியன் மண்டலம், வசந்தம் என்றால் கேலக்ஸிகள், கோடை என்றால் பால்வீதி. தமிழ்நாடு 8 முதல் 13½ டிகிரி வடக்கு அட்சரேகைக்குள் இருக்கிறது. துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும். பதிலுக்குத் தெற்கில் அவர்கள் பார்க்கவே முடியாத பகுதி நமக்குத் திறந்திருக்கிறது. காவலூரின் அட்சரேகை சுமார் 12½ டிகிரி. தென்வானத்தின் பெரும்பகுதி எட்டும் என்பதும் வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி செயல்பாட்டுக்கு வந்தது.

அந்த அட்சரேகையில் நின்று பார்த்தால் ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து உச்சத்தில் 30 டிகிரி உயரம் வரும் (அடிவானம் 0, நேர் உச்சி 90). லண்டனில் அது அடிவானத்தைத் தாண்டவே தாண்டாது. ஈட்டா கரினா நெபுலா என்ற வாயு மேகம் 18 டிகிரி. தெற்குச் சிலுவை மண்டலத்தின் அடிமுனையில் இருக்கும் ஆக்ரக்ஸ் நட்சத்திரம் 14 டிகிரிக்குச் சற்று மேல். இவை குறைந்த உயரங்கள்தான். 30 டிகிரியில் பார்க்கும்போது நேர் உச்சியில் பார்ப்பதைப் போல் இரண்டு மடங்கு காற்றின் வழியாகப் பார்க்கிறோம். 15 டிகிரியில் அது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதனால் தென்வானப் பொருட்களை அவை உச்சத்தில் இருக்கும் அரை மணி, முக்கால் மணிக்குள் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மரத்துக்குப் பின்னாலோ புகைமூட்டத்துக்குள்ளோ போய்விடும்.

நேரக் கணக்கு

பிப்ரவரி 6. ஏழரைக்கு நல்ல இருட்டு. ஓரியன் நெபுலா எட்டே முக்காலுக்கு உச்சத்தில், 72 டிகிரி உயரத்தில். வருடத்தில் அதற்கு இதைவிட நல்ல இரவு கிடையாது. அகத்தியர் நட்சத்திரம் ஒன்பதரைக்குத் தெற்கில் 25 டிகிரியில் நிற்கும். வியாழன் பிப்ரவரி 10, 11 வாக்கில் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது, செவ்வாய் பிப்ரவரி 19இல். இரண்டும் சிம்ம மண்டலத்தின் பக்கம். இரண்டையும் ஒரே இரவில் இப்படிப் பெரிதாகப் பார்க்கக் கிடைப்பது தை, மாசிக்குக் கிடைத்த போனஸ். செவ்வாயைப் பற்றி மட்டும் அதிகமாக எதிர்பார்க்க வேண்டாம்: இந்த முறை அதன் வட்டு 2018 ஜூலையில் இருந்ததில் பாதியைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். துருவப் பனித்தொப்பி தெரியலாம், மற்றது காற்றின் தயவு.

ஆனால் தெற்கு? ஈட்டா கரினா இரண்டு மணிக்கு. சிலுவை மூன்றரைக்கு. ஒமேகா செண்டாரி நாலரைக்கு மேல். ஐந்தரைக்குள் வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். அதாவது தென்வானம் பார்க்க விரும்புகிறவர் பிப்ரவரியில் ராத்திரி முழுக்க விழித்திருந்தே ஆக வேண்டும். பத்து மணிக்கு வியாழனைப் பார்த்துவிட்டுப் படுத்து, மூன்றுக்கு அலாரம் வைத்து எழுவது என்று எல்லோரும் திட்டம் போடுவார்கள். அந்தக் குளிரில் போர்வையை விட்டு எழுந்தவர்கள் குறைவு.

மார்ச் 6. இருட்டும்போதே ஓரியன் உச்சத்தைத் தாண்டிச் சற்று மேற்கே சாய்ந்திருக்கும். உயரம் இன்னும் 65 டிகிரிக்கு மேல்தான், ஒரு நட்டமும் இல்லை. அகத்தியர் ஏழே முக்காலுக்கு. கார்த்திகைக் கூட்டம் மேற்கில் பாதி உயரத்தில். வியாழனும் செவ்வாயும் இரவு பூராவும் மேலே. நடுராத்திரிக்கு ஈட்டா கரினா. ஒன்றே முக்காலுக்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். இரண்டே முக்காலுக்கு ஒமேகா செண்டாரி. மூன்றரைக்கு விருச்சிகம் தென்கிழக்கில் நன்றாக ஏறிவிடும், நான்கு மணிக்கு ஆல்பா செண்டாரி நட்சத்திரம் உச்சத்தில், ஐந்து மணிக்குள் பால்வீதியின் மையம் 35 டிகிரியைத் தாண்டியிருக்கும். குளிர்கால வானத்தில் தொடங்கி மழைக்கால வானத்தில் முடிகிற இரவு இது.

ஏப்ரல் 3. எட்டு மணிக்கு ஓரியன் மேற்கில் 45 டிகிரி, பதினொன்றுக்குள் மறைந்துவிடும். ஈட்டா கரினா பத்தேகாலுக்கு, சிலுவை நடுராத்திரிக்கு, ஒமேகா செண்டாரி ஒரு மணிக்கு. ஒன்றரைக்குள் பால்வீதி மையம் தென்கிழக்கில் தலைகாட்டியிருக்கும். காகிதத்தில் பார்த்தால் இதுதான் சிக்கனமான இரவு: ஒன்றரை மணிவரை விழித்திருந்தால் அத்தனையும் கிடைத்துவிடுகிறது. விடியவிடிய விழிக்க முடியாதவர்களுக்கு நான் ஏப்ரலைத்தான் சொல்வேன்.

மே மாதத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம்: சிலுவை பத்து மணிக்கு முன்பே உச்சத்துக்கு வருவது குழந்தைகளுக்குச் சௌகரியம், மற்றபடி இடிமழையும் மலைவாசஸ்தலங்களில் விடுமுறைக் கூட்டமும்.

காற்றும் பனியும்

சரி, ஏப்ரல் இவ்வளவு வசதி என்றால் ஏன் மாசி? வானத்தின் தரத்துக்காக. பங்குனி பிறந்து வெயில் ஏற ஏற, தூசும் மூட்டமும் அடிவானத்தை மூடத் தொடங்குகின்றன. மலைக்காடுகளில் தீப்பிடிக்கும் பருவமும் அதுதான்; ஒரு மலைச்சரிவில் எரிந்தால் பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுக்கப் புகை. 60 டிகிரி உயரத்தில் இருக்கும் பொருளுக்கு இது பெரிய விஷயமில்லை. 15 டிகிரியில் நிற்கும் சிலுவைக்கும் 18 டிகிரி ஈட்டா கரினாவுக்கும் இது உயிர்ப் பிரச்சினை. ஏப்ரலில் தெற்கு வசதியான நேரத்தில் வருகிறது, ஆனால் பல இரவுகளில் பழுப்பேறி வருகிறது. போதாததற்குச் சாயங்காலம் மலைமேல் கோடை இடிமழை. அது பெய்து ஓய்ந்தபின் நடுராத்திரிக்கு மேல் வானம் கழுவிவிட்ட மாதிரி திறந்துகொள்ளும் இரவுகளும் உண்டு. ஆனால் வரும் என்று நம்பிப் போகிற விஷயமல்ல அது.

தையின் பிரச்சினை நேர்மாறானது. மழைக்காலம் முடிந்த கையோடு காற்று தெளிவாக இருக்கும், ஆனால் ஈரம் போயிருக்காது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். முன்புறம் கண்ணாடி உள்ள டெலஸ்கோப் என்றால் பத்து மணிக்கே அதில் பனி படர்ந்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் ஒளிவட்டத்தோடு தெரிய ஆரம்பிக்கும். டாப்சோனியன் என்ற எளிய பிரதிபலிப்பு டெலஸ்கோப்பில் பிரதான கண்ணாடி குழாயின் அடியில் இருப்பதால் தப்பிக்கும். குறிபார்க்கும் சின்னக் குழாயான ஃபைண்டரும் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸும்தான் மாட்டிக்கொள்ளும். ஐபீஸ்களைப் பெட்டியில் திறந்து வைக்காமல் ஸ்வெட்டருக்குள், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; உடம்புச் சூடு போதும். ஃபைண்டருக்குக் கறுப்பு சார்ட் பேப்பரில் ஒரு நீளக் குழாய் சுற்றிவிடுங்கள். துணியால் துடைக்கவே கூடாது.

மலைகளில் தை மாதம் அதிகாலை மூடுபனியும் சேர்ந்துகொள்கிறது. பிப்ரவரி 6 திட்டத்தில் சிலுவையும் ஒமேகா செண்டாரியும் மூன்றரைக்கு மேல் என்று பார்த்தோம். மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி வருவதும் அதே நேரத்தில்தான். மாசியில் பனி இருக்கும், ஆனால் தென்வானத்தின் முக்கியப் பொருட்கள் நடுராத்திரிக்கும் மூன்று மணிக்கும் நடுவே வந்துபோய்விடுகின்றன. தூசும் இன்னும் தலைக்கு ஏறவில்லை. மாசி ஜெயிப்பது இந்த இடைவெளியில்தான்.

இன்னொன்று. 2027இல் மார்ச் 6 மகா சிவராத்திரி. தற்செயல் இல்லை இது: சிவராத்திரி எப்போதுமே அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசி இரவு, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். வருடா வருடம் வானம் பார்க்கத் தோதான ஓர் இரவில் ஊரே விழித்திருக்கிறது. வீட்டில் சம்மதம் வாங்குவது சுலபம். ஆனால் எந்த மலை என்பதில் கவனம் வேண்டும். வெள்ளியங்கிரிப் பக்கம் அன்றைக்கு எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். கொல்லிமலையிலும் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் வண்டி வெளிச்சமாக இருக்கும். பேர்பெற்ற சிவன் கோயில் இல்லாத, தெற்கே பெரிய ஊர் இல்லாத மலைக்கிராமம் ஒன்றைப் பாருங்கள். ஜவ்வாது மலையின் உட்புறக் கிராமங்கள் சிலவற்றில் இது சாத்தியம். ஊர்க்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ராத்திரி ஒரு மணிக்குக் குழாயை வானத்துக்குத் திருப்பிக்கொண்டு நாலு பேர் நின்றால், "என்ன சார், ராக்கெட்டா?" என்று டார்ச்சோடு யாராவது வருவார்கள். அந்த டார்ச் முகத்தில் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக அரை மணி நேரம் ஆகும். அவரைக் கூப்பிட்டு முதலில் வியாழனைக் காட்டிவிடுங்கள், டார்ச் தானாக அணைந்துவிடும்.

கடற்கரையா என்று கேட்பவர்களுக்கு: தனுஷ்கோடி, கன்னியாகுமரி இரண்டிலும் தெற்கே கடல்தான், மரமோ மலையோ மறைக்காது. கன்னியாகுமரியில் சிலுவை சென்னையைவிட ஏறக்குறைய 5 டிகிரி உயரமாகவும் தெரியும். ஆனால் கடலுக்கு மேல் இருக்கும் ஈரக்காற்று அந்த லாபத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது, உப்புக்காற்று கண்ணாடிக்கும் நல்லதல்ல. பைனாகுலர் மட்டும் என்றால் கடற்கரை, டெலஸ்கோப் என்றால் மலை.

லடாக் ஆசை

வசதி உள்ளவர்கள் கேட்பது: இத்தனை கணக்கு எதற்கு, நேராக லடாக்கின் ஹான்லேவுக்கே போய்விட்டால் என்ன? 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம், 4,000 மீட்டருக்கு மேல் உயரம், வறண்ட காற்று. இருட்டில் தமிழ்நாட்டின் எந்த மலையும் அதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் அட்சரேகை 32¾ டிகிரி. அங்கிருந்து தெற்குச் சிலுவை எழவே எழாது. ஒமேகா செண்டாரி 10 டிகிரியைக்கூடத் தொடாது. நம் மாசி இரவில் நடுராத்திரிக்கும் மூன்று மணிக்கும் நடுவே பார்ப்பதில் பெரும்பாலானது ஹான்லேயில் இல்லை. போதாக்குறைக்குப் பிப்ரவரி, மார்ச்சில் அங்கே உறைபனிக்குப் பல டிகிரி கீழே இருக்கும்.

ஹான்லேக்குச் சரியான காலம் செப்டம்பர், அக்டோபர். நமக்கு மேகம் கவிந்து கிடக்கும் அதே மாதங்களில் பருவமழையின் கை எட்டாத இடம் அது. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி, மாலையில் பால்வீதி, அக்டோபரில் சூரியனுக்கு நேர் எதிரே வரும் சனி ஆகியவை அங்கே கிடைக்கும். ஆகவே இது மாசிக்கு மாற்று இல்லை. கையில் காசு இருந்தால் இரண்டாவது பயணம்.

எதை வைத்துப் பார்ப்பது, எங்கே நிதானிப்பது

மார்ச் 6 இரவில் எல்லாவற்றையும் பார்க்கப் பறக்க வேண்டாம். மார்ச் இறுதி வாக்கில், நெபுலா, நட்சத்திரக் கொத்து, கேலக்ஸி என்று அடங்கிய மெஸ்ஸியே பட்டியலின் 110 பொருட்களையும் ஒரே இரவில் துரத்தும் மாரத்தான் ஒன்று உலகெங்கும் நடக்கிறது. வருடத்துக்கு ஒரு இரவு மட்டும் உள்ளவர் அதில் இறங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தேடும் நேரத்தையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும்.

நேரம் கொடுக்க வேண்டியது ஒமேகா செண்டாரிக்கு. 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து எட்மண்ட் ஹேலி இது வெறும் நட்சத்திரம் அல்ல என்று குறித்தார். சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில் கோடி அளவில் நட்சத்திரங்கள். வெறும் கண்ணுக்கு மங்கலான, குவியம் தவறிய நட்சத்திரம் போல இருக்கும். 10×50 பைனாகுலரில் உருண்டையான பஞ்சுப்பொதி. 8 அங்குல டாப்சோனியனில் முதல் பார்வைக்கு அதுவும் பஞ்சுதான். கண்ணை நேராக வைக்காமல் ஓரமாக வைத்து, மூச்சை நிதானமாக்கி ஒரு நிமிடம் காத்திருந்தால் பஞ்சின் விளிம்பில் ஒவ்வொன்றாகப் புள்ளிகள் பிரியும். ஐந்தாறு நிமிடத்தில் மையம் வரைக்கும் அரிசி மாவுக் கோலம் போலப் பொடிப்பொடியாகிவிடும். சிலர் முப்பது விநாடியில் 'பார்த்தாச்சு' என்று நகர்வார்கள். அவர்கள் பார்த்தது பஞ்சு மட்டும்.

சிலுவை தெற்கே நிமிர்ந்து நிற்கும் அதே ஒன்றே முக்கால் மணிக்கு, கன்னி மண்டலத்தின் எம்87 கேலக்ஸி உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கும். அதன் மையக் கருந்துளையின் படம்தான் 2019இல் வெளியானது. அந்தக் கேலக்ஸி காவலூர் அட்சரேகையில் ஏறக்குறைய அச்சுப்பிசகாமல் உச்சியைக் கடக்கிறது, காற்று மிக மெல்லியதாக இருக்கும் இடத்தில். ஒரு சிக்கல்: டாப்சோனியனை நேர் உச்சிக்குத் திருப்பினால் இடவலமாக நகர்த்தவே முடியாமல் சண்டித்தனம் செய்யும். அதனால் ஒரு மணிக்கே, கிழக்குப் பக்கம் சாய்ந்திருக்கும்போதே எம்87ஐ முடித்துவிட்டுத் தெற்கே திரும்புங்கள்.

ஈட்டா கரினாவுக்கு அதிகச் சக்தி வேண்டாம். குறைந்த சக்தி ஐபீஸ், அகன்ற காட்சி. நடுவில் இருக்கும் ஆரஞ்சுச் சாயல் கொண்ட நட்சத்திரம் 1843இல் சிரியஸுக்கு அடுத்தபடியாக வானத்திலேயே பிரகாசமாக எரிந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

முன்பதிவு செய்யும்போது

மார்ச் 6க்கு அறை சொல்லும்போதே ஏப்ரல் 3க்கும் லீவை மனதில் குறித்து வையுங்கள். போகிற அன்று மதியம் இரண்டு மணிக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். வங்காள விரிகுடாவிலிருந்து மேகத்திரள் உள்ளே வந்துகொண்டிருந்தால் கிளம்பாதீர்கள். அட்வான்ஸ் போனால் போகட்டும். உயரத்தில் மெல்லிய வெண்மேகம் மட்டும் என்றால் கிளம்பலாம், வியாழனும் செவ்வாயும் அதற்குள்ளும் தெரியும். ஏப்ரலுக்குத் தள்ளினால் நேர அட்டவணையை இரண்டு மணிநேரம் முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்தில் வானம் நகர்வது ஏறத்தாழ அவ்வளவுதான். சாயங்காலம் இடி இடித்தால் வண்டியிலேயே கொஞ்சம் தூங்கிவிட்டு, பதினொரு மணிக்கு வெளியே வந்து தெற்கே பாருங்கள்.